சந்தடி மிக்க வயல்

சிவப்பு மையால் போட்ட ஒரு கோட்டை விசாரிக்கக் கடல் தாண்டிக் கிளிநொச்சிக்குப் போகிறேன் என்று சொன்னபோது என் மனைவியே நம்பவில்லை. மதுரையில் மாணவர்களுக்கான ஆங்கிலம்-தமிழ் அகராதி போடும் சிறிய பதிப்பகம் ஒன்றில் இருபது வருடமாகக் குப்பை கொட்டுகிறேன். சொல்லுக்குப் பொருள் எழுதுவது பெரிய மனிதர்களின் வேலை. அதற்குக் கீழே எடுத்துக்காட்டு வாக்கியம் எழுதுவது என் வேலை. அதையெல்லாம் யாரும் படிப்பதில்லை என்ற தைரியத்தில் காலம் ஓடிக்கொண்டிருந்தது.

கிளிநொச்சியில் ஒருவர் படித்துவிட்டார். பெயர் சுகந்தி, ஆங்கில ஆசிரியை. பள்ளி வேலை போகப் பின்னேரங்களில் வளர்ந்த பெண்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறார். எங்கள் அகராதியில் 'பஸ்லிங்' என்ற சொல்லுக்கு 'சந்தடி மிக்க. ஆட்களும் வேலைகளும் நிறைந்து பரபரப்பான' என்று போட்டிருக்கிறோம். நகரம், தெரு, சந்தை இவற்றோடு வரும் என்று குறிப்பும் உண்டு. கீழே என் வாக்கியம்: மதுரையின் தெருக்கள் எப்போதும் சந்தடி மிக்கவை. இந்தச் சொல்லை வைத்து வாக்கியம் எழுதச் சொன்னபோது அவருடைய மாணவி ஒருவர், 'அந்த மாதம் எங்களுடைய வயல் சந்தடி மிக்கதாக இருந்தது' என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார். ஆசிரியை 'வயல்' என்பதற்குக் கீழே சிவப்புக் கோடு போட்டு, நகரம் என்று திருத்தச் சொன்னார். மாணவி மறுத்துவிட்டார். மூன்று வாரமாக அதே வாக்கியத்தை எழுதி நீட்டுகிறாராம். 'அகராதிக்காரராகிய நீங்கள் ஒரு முடிவு சொல்ல வேண்டும்' என்று கடிதம் முடிந்தது.

"கொழும்புப் புத்தகக் கண்காட்சிக்குத்தான் போறீங்களே, அப்படியே எட்டிப் பார்த்துட்டு வந்துடுங்க" என்றார் முதலாளி. கொழும்பும் கிளிநொச்சியும் மதுரையும் மேலூரும் போல என்று நினைத்துக்கொண்டிருப்பவர்.

என் முடிவு தயாராகவே இருந்தது. ஆசிரியை போட்ட கோடு சரி. வயலில் நெல் இருக்கும், நண்டு இருக்கும், சந்தடி இருக்காது. இதைச் சொல்லிவிட்டு இரண்டு வேளை நல்ல சாப்பாடு சாப்பிட்டுத் திரும்பிவிடலாம் என்ற கணக்கில்தான் போனேன்.

வவுனியாவைத் தாண்டியதும் பேருந்து ஓட்டுநர் ஹார்ன் அடிக்கத் தொடங்கினார். சாலை நூல் பிடித்ததுபோல் நேராகக் கிடந்தது. முன்னால் வண்டி இல்லை, ஆள் இல்லை, ஒரு மாடுகூட இல்லை. அவர் பாட்டுக்கு அடித்துக்கொண்டே போனார். நடத்துநர் சிங்களத்தில் அவரிடம் ஏதோ கேட்டார். என் பக்கத்தில் இருந்த விவசாயி நான் கேட்காமலே மொழிபெயர்த்தார்.

"ஆரும் இல்லாத றோட்டில ஏன் ஹோர்ன் அடிக்கிறாய் எண்டு கேக்கிறான்."

"டிரைவர் என்ன சொல்றார்?"

"இருந்தாலும் எண்டு சொல்லுறார்."

வேறு விளக்கம் வரவில்லை. ஓமந்தையில் எஞ்சின் பெல்ட் அறுந்து வண்டி நின்றது. மதுரையில் ஒரு பேருந்து இரண்டு நிமிடம் நின்றால் சுண்டல் விற்பவர் வந்துவிடுவார், யோசனை சொல்ல நாலு பேர் எஞ்சினுக்குள் தலையை விடுவார்கள். இங்கே முப்பது பேர் இறங்கிச் சாலையோரம் நின்றோம். ஒருவரும் உரக்கப் பேசவில்லை. வெயிலில் தார் மினுங்கியது, தூரத்தில் யாரோ நடந்து வருவதுபோல் தெரிந்துகொண்டே இருந்தது. அரை மணி நேரம் நின்றோம், யாரும் வந்து சேரவில்லை. பெல்ட் மாட்டியதும் ஏறுவதற்கு நான் வாசலில் நின்று யோசிக்க, பின்னால் ஒரு பெண்மணி, "ஐயா, கொஞ்சம் விலத்துங்கோ" என்றார். விலகுங்கள் என்பதற்கு இங்கே அதுதான் சொல். முதல் சொல்லாகக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

கிளிநொச்சிக்குச் சாயந்திரம் போய்ச் சேர்ந்தேன். கண்ணாடி போட்ட வங்கிகள், கைபேசிக் கடைகள், நாலு வண்டி சேர்ந்து போகும் அகலத்தில் சாலை, விளக்குகள். ஒரு நகரத்துக்கு வேண்டிய எல்லாம் இருந்தன. அந்த அகலமான சாலையில் அப்போது சைக்கிளில் போன ஒருவரையும் என்னையும் தவிர ஆள் இல்லை. கடைகளுக்குள் இருந்தவர்கள் வாசலைப் பார்த்தபடி இருந்தார்கள்.

அறை எடுத்த விடுதிக்குப் பின்னால் ஒரு ஒழுங்கை, எங்கள் ஊரில் சந்து என்போம். வெளிச்சம் இருக்கும்போதே பாண், அதாவது ரொட்டி, விற்கும் ஆட்டோ சங்கீதம் போட்டுக்கொண்டு வந்தது. வீடுகளைக் கடந்து, கடைசியில் புல் மண்டிய வெற்றுக் காணிக்கு எதிரே நின்றது. சங்கீதம் முழுதாக ஒரு சுற்றுப் பாடி முடித்தது. யாரும் வரவில்லை. ஓட்டியவர் காணியை ஒருமுறை பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பினார். விடுதிக்காரரிடம் கேட்டேன்.

"அவர் முந்தி சைக்கிளில பாண் கொண்டு திரிஞ்சவர். அங்கை நாலைஞ்சு குடும்பம் இருந்தது" என்றார். "நிப்பாட்டிப் பழகிட்டார்."

இரவு மின்விசிறியை நிறுத்தாமல் தூங்கினேன். சத்தத்துக்காகத்தான்.

மறுநாள் காலை சுகந்தி ரீச்சர் ஸ்கூட்டியில் வந்தார். நாற்பது வயதிருக்கும், வேகமாகப் பேசுபவர். என்னை ஒரு சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப்போனார். இடியப்பம், மஞ்சள் சொதி, உரலில் இடித்த தேங்காய்ச் சம்பல். நாலு சட்னி இல்லாமல் இட்லியைத் தொடாத எங்கள் ஊர்க்காரர்கள் இந்த ஒரு சம்பலுக்கு முன்னால் கைகட்டி நிற்க வேண்டும். பால் இல்லாத தேநீரும் கடித்துக்கொள்ளப் பனங்கட்டித் துண்டும் வந்தன. இரண்டு முறை வாங்கிக் குடித்தேன்.

"கோடு சரிதான் ரீச்சர்" என்று ஆரம்பித்தேன்.

"அவாவைப் பாத்திட்டுச் சொல்லுங்கோ" என்றார்.

அன்று பின்னேர வகுப்பு பொதுமண்டபம் ஒன்றில் நடந்தது. பன்னிரண்டு பெண்கள் பிளாஸ்டிக் கதிரைகளில் இருந்தார்கள். வயல் வாக்கியம் எழுதிய தவமணி அக்கா கடைசி வரிசையில் எழுதும் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். ஐம்பத்து நாலு வயது. மகள் கனடாவில், பேரனுக்கு ஆங்கிலம் மட்டும்தான் வரும் என்பதால் படிக்க வந்தவர். நான் அகராதியின் கௌரவத்தோடு பேச்சை எடுத்தேன்.

"அக்கா, நிறைய ஆட்கள் இருந்தாங்கன்னு சொல்ல 'க்ரவுடட்'னு ஒரு சொல் இருக்கு. வயலுக்கு அதைப் போடலாம். நீங்க எழுதின சொல் நகரத்துக்கு உரியது. பார்க்கிறவனுக்கு உற்சாகம் தர்ற மாதிரி இருக்கணும்."

"ரீச்சரும் அதைத்தான் சொன்னவா" என்றார் அவர் பொறுமையாக. "ஆக்கள் நெரிஞ்சுகொண்டு சும்மா இருந்தால் நீங்கள் சொல்லுறது சரி. அங்கை ஒருத்தரும் சும்மா இருக்கேல்லை ஐயா."

பிறகு சொன்னார். கடைசிச் சண்டைக் காலத்தில் ஊர் ஊராக இடம்பெயர்ந்து போனவர்கள், பரந்தனிலிருந்து முல்லைத்தீவுப் பக்கம் போகும் சாலையை ஒட்டிய ஒரு வயல்வெளியில் வந்து இறங்கினார்கள். அறுவடை முடிந்த வயல். பத்தே நாளில் அது தறப்பாள் என்று இவர்கள் சொல்லும் தார்ப்பாய்க் கொட்டில்களால் நிறைந்துவிட்டது. கொட்டில்களுக்கிடையே ஒழுங்கைகள் உண்டாயின. ஒழுங்கைகளில் கடைகள் வந்தன. சலூன், சைக்கிள் திருத்தும் கடை, தேத்தண்ணிக் கடை, தையல்காரர் ஒருவர். பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியர் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். ஒரு கல்யாணம்கூட நடந்தது. விடியற்காலையிலிருந்து ஆட்கள் போவதும் வருவதும்தான்.

"என்ர மனுசன் கிளிநொச்சி ரவுணுக்குப் போனால் பின்னேரத்துக்கிடையில திரும்பிடுவார். சனத்தைக் கண்டால் அவருக்குத் தலையிடி. கடைசியா அவரைக் கொண்டுபோய் அதுக்குள்ள இருத்தினன்." கொப்பியின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார். "ஒரு நாள் செல் வந்து விழுந்து வெடிச்சது. அவரைக் கொட்டிலுக்குப் பக்கத்திலேயே தாட்டனாங்கள். பிறகும் ஒன்பது நாள் அங்கை இருந்தம்."

அவர் அடக்கம் செய்யப்பட்ட இடம்தான் இப்போது பிரச்சினை. அந்த வயல் பல வருடம் மூடிக் கிடந்தது. கண்ணிவெடி எடுத்து, காடு வெட்டி, இந்த வருடம்தான் உரியவர் கைக்கு வந்திருக்கிறது. மழைக்கு முன் விதைக்க வேண்டும் என்பதால் சனிக்கிழமை காலை டோசர் இறங்கி மட்டம் தட்டுகிறது. காணிக்காரர் சுவிஸிலிருந்து வந்தவர், நல்ல மனிதர்தான். இடத்தைக் காட்டினால் அதை விட்டுவிட்டு மட்டம் தட்டுகிறேன் என்று சொல்லிவிட்டார். தவமணி அக்கா நாலு தடவை போய்விட்டு வந்திருக்கிறார். இடம் பிடிபடவில்லை.

"மற்ற இடங்களில எல்லாம் மரத்தை அடையாளம் வைப்பம். பாலை, இத்தி, பனை. எங்கடை ஆக்கள் அப்பிடித்தான்" என்றார். "அங்கை மட்டும் நான் கடையை அடையாளம் வைச்சிட்டன். சலூனில திரும்பி, சைக்கிள் கடையைத் தாண்டி, மொத்தம் நூற்றியாறு எட்டு வைச்சால் அவர்ர இடம். ரவுணில இருக்கிற மாதிரியே நினைச்சிட்டன். கடையள் எழும்பிப் போகும் எண்டு எனக்கு யோசினை வரேல்லை."

சுகந்தி ரீச்சர் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் பையில் இருந்த முடிவை வெளியே எடுக்க வெட்கமாக இருந்தது. இன்னும் இரண்டு நாள் தங்குகிறேன் என்று சொன்னேன்.

மூன்றாம் நாள் பரந்தனுக்குப் போனோம். அந்த வயலில் சலூன் வைத்திருந்த குமார் அண்ணை இப்போது சந்தியிலிருந்து சற்றுத் தள்ளிக் கடை வைத்திருக்கிறார். அவரை அழைத்துப்போனால் சலூன் இருந்த இடமாவது தெரியும். ரீச்சர் வெளியே நிற்க, நான் மரியாதைக்கு ஒரு சவரம் செய்துகொள்ள உட்கார்ந்தேன். கடையில் வேறு ஆள் இல்லை, ஆனாலும் குமார் அண்ணை சுவரோரம் ஆறு கதிரைகளைத் துடைத்து வரிசையாகப் போட்டிருந்தார்.

"அங்கை எனக்கு இருக்க நேரமில்லை" என்றார், கன்னத்தில் கத்தியை வைத்தபடி. "ஒரு கம்பு நட்டு, கண்ணாடியைக் கொழுவி, தண்ணிக் கானைக் கவிட்டுப் போட்டு ஆக்களை இருத்தினன். விடிய வந்தால் பத்துப் பதினைஞ்சு பேர் நிப்பினம்."

"அந்த நேரத்திலயுமா?"

"செல் விழுந்தாலும் தலைமயிர் வளரும் தானே."

கத்தி தொண்டைக்கு வந்ததும் நிறுத்தினார். "ஒருத்தருக்குப் பாதி வெட்டேக்க செல் வந்தது. ஓடினவர். மற்றப் பாதியை வெட்ட வருவார் எண்டு ரெண்டு நாள் பாத்தன்." பிறகு மிச்சத்தை மழித்து முடித்தார். வெள்ளிக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு வருவதாகச் சொன்னார். அன்று முழுவதும் என் தாடையை நான் தடவிக்கொண்டே இருந்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு வயலுக்குப் போனோம். வகுப்புப் பெண்களும், அந்த வயலில் அக்காலத்தில் இருந்த நாலைந்து ஆண்களும் லான்ட்மாஸ்டர் என்ற சின்ன உழவு வண்டி ஒன்றின் பின்பெட்டியில் ஏறி வந்தார்கள். வழியில் ஒருமுறை அதன் கொழுக்கி கழன்று பெட்டி தனியாகப் பின்வாங்க, எல்லோரும் குதித்தோம். யாரோ சிரித்தார்கள். அன்று கேட்ட கடைசிச் சிரிப்பு அது.

வயல் என்று இறங்கிய இடத்தில் ஒன்றும் இல்லை. கண் போகும் தூரம் வரை வெட்டிய புதர்களின் கட்டைகள், காய்ந்த மண், வரப்பு, அதற்கு அப்பால் முள்ளுக்காடு. காற்றும் இல்லை. காணிக்காரர் தொலைவில் டிராக்டருக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். எங்களைக் கண்டதும் வயலுக்குக் குறுக்கே நேராக நடந்து வந்தார். அவர் நடக்க நடக்க என்னோடு வந்தவர்கள் எல்லோரும் பேச்சை நிறுத்தி அவர் கால்களையே பார்த்தார்கள். ஒரு பெண் முகத்தைச் சுளித்தார், சமைத்துக்கொண்டிருக்கும் அடுப்பை யாரோ மிதித்ததுபோல. காணிக்காரர் வந்து வணக்கம் சொன்னார்.

"எனக்கும் இடிக்க விருப்பமில்லை" என்றார் அவர். "நாளைக்குக் காலமை மெசின் வருது. எந்த இடம் எண்டு காட்டினால் காணும், அதை விட்டிடுவன்."

குமார் அண்ணை வயலுக்குள் இறங்கினார். அவர் நேராகப் போகவில்லை. ஐந்தாறு அடி நடந்து வலப்பக்கம் திரும்பினார், பிறகு இடப்பக்கம், பிறகு எதையோ சுற்றிக்கொண்டு மறுபடி வலம். பின்னால் போன மற்றவர்களும் அவர் திரும்பிய இடங்களிலெல்லாம் திரும்பினார்கள். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. நடுவெயிலில் வெறும் மண்ணில் மனிதர்கள் வரிசையாக வளைந்து வளைந்து போனார்கள். ஓரிடத்தில் அவர் குந்தி மண்ணைக் கிளறினார். நகம் அளவில் ஒரு கண்ணாடித் துண்டு பளிச்சென்றது. பக்கத்தில் இன்னொன்று. பின்பக்கம் ரசம் பூசியிருந்தது.

"இது என்ர கண்ணாடி" என்றார். கையில் எடுத்துத் துடைத்தார், தன் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த இடத்தில் ஒரு தடி நட்டோம். தவமணி அக்கா அங்கிருந்து நடந்தார். நூற்றியாறு எட்டு. வரப்பு வந்துவிட்டது, அதைத் தாண்டி முள்ளுக்குள் போய்த்தான் கணக்கு முடிந்தது. திரும்பி வந்தார். கொஞ்சம் சாய்த்து நடந்தார். அதே முள்ளு. மூன்றாம் முறை பாதியில் நின்றுவிட்டார்.

"முள்ளுக்குள்ள ஒரு கொட்டிலும் இருக்கேல்லையே அக்கா" என்றார் ஒருவர்.

"தெரியும்" என்றார் அவர். வரப்பில் போய் உட்கார்ந்தார். "ஒன்பது நாளும் எண்ணினன். தண்ணி எடுத்துக்கொண்டு வரேக்க ஒவ்வொரு முறையும் எண்ணினன். ஒரே கணக்குத்தான் வந்தது. இப்ப கணக்குப் பிழைக்குது."

காணிக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தார். எனக்குத் துக்கமாக இருந்தது, அதைவிடக் கோபமாக இருந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. அப்போதுதான் என் வீட்டிலிருந்து மதுரைப் பேருந்து நிலையத்துக்கு நான் தினமும் நடக்கும் நடை ஞாபகம் வந்தது. விடியற்காலையில் அது முந்நூறு எட்டு. திருவிழா அன்று அதே தூரம் அறுநூறுக்கும் மேல். கூட்டத்தில் யாரும் வீசி நடப்பதில்லை. பாதி எட்டும் கால் எட்டுமாகத்தான் வைக்க முடியும். வாய் முந்திக்கொண்டது.

"அக்கா, நீங்க எண்ணினது சனத்துக்குள்ள. இப்போ யாருமே குறுக்கே வரலையே. எட்டு பெரிசா விழுது."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அகராதிக்காரனின் அதிகப்பிரசங்கித்தனம். தவமணி அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார், பிறகு மற்றவர்களைப் பார்த்தார்.

"குடம் இருக்கோ?" என்று கேட்டார்.

டிராக்டரில் ஒரு பிளாஸ்டிக் குடம் இருந்தது. காணிக்காரரின் தண்ணீர்க் கேனிலிருந்து அதை விளிம்பு வரை நிரப்பினார்கள். சுகந்தி ரீச்சர்தான் ஆட்களை நிறுத்தினார், பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு நிறுத்துவதுபோல. தேத்தண்ணிக் கடைக்கு ஒருவர், தையல்காரருக்கு ஒருவர். சைக்கிள் கடை வைத்திருந்த ரஞ்சன் அந்தச் சண்டையிலிருந்து உயிரோடு மீளவில்லை. அவர் இடத்துக்கு ஆள் இல்லை.

"அந்த இடத்தில நீங்கள் நில்லுங்கோ, சேர்" என்றார் ரீச்சர்.

காட்டிய இடத்தில் நின்றேன். மற்றவர்களின் வேலை எதிரே நடப்பதும் குறுக்கே போவதும். தவமணி அக்காவைக் கடந்தவர்கள் சுற்றி ஓடி மறுபடி முன்னால் வர வேண்டும். முதலில் எல்லோருக்கும் வெட்கமாக இருந்தது. பிறகு ஒருவர், "அரிசி வந்திட்டுதாம்" என்று சத்தம் போட்டார். அது யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. இன்னொருவர் ஒரு பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். "பாத்துப் பாத்து", "ஆரின்ர சைக்கிள் இது", "தண்ணி முடிஞ்சுதோ". புழுதி எழும்பியது. குமார் அண்ணை தடிக்குப் பக்கத்தில் நின்று இரண்டு விரல்களைக் கத்தரிக்கோல்போல அசைத்துக்கொண்டிருந்தார், அவருக்கே தெரியாமல்.

எங்களில் நடந்தவர்கள் பதினாலு பேர். நான் எண்ணியிருக்கிறேன். புழுதிக்குள் கேட்ட காலடிகள் அதைவிட அதிகம் என்று இப்போதும் சொல்வேன். பின்னாலிருந்து ஒரு தோள் என் முதுகில் இடித்தது. மன்னிப்புக் கேட்கத் திரும்பினேன். வரப்புத்தான் இருந்தது.

தவமணி அக்கா சலூன் தடியில் திரும்பி ஒழுங்கைக்குள் வந்தார். இடுப்பில் குடம், தளும்பித் தளும்பிச் சேலை நனைந்திருந்தது. உதடுகள் எண்ணிக்கொண்டிருந்தன. ஒருவருக்கு ஒதுங்கி, ஒருவர் தாண்டும்வரை நின்று, அரை எட்டு, கால் எட்டு. என் முன்னால் வந்ததும் என்னைப் பார்க்காமல், "ரஞ்சன், விலத்தடா தம்பி" என்றார். நான் விலகினேன். விலகியபோது என் கைகள் எதையோ பிடித்திருப்பதுபோல் முன்னால் வளைந்திருந்தன, ஒரு சக்கரத்தை அவர் காலில் படாமல் இழுத்துக்கொண்டதுபோல.

அவர் வரப்புக்கு வெகு முன்னால் நின்றார். குடத்தைக் கீழே இறக்கினார். "நூற்றியாறு" என்றார்.

அவர் குடத்தை மறுபடி தூக்கினார். கீழே, காய்ந்த மண்ணில் குடத்தின் அடி ஈர வட்டமாகப் பதிந்திருந்தது.

"இன்னொருக்கா" என்றார்.

சலூனிலிருந்து மறுபடி நடந்தார். இந்த முறை கண்கள் எதிரே வந்தவர்களின் முகங்களிலேயே இருந்தன, ஒருமுறையும் தரையைப் பார்க்கவில்லை. ஒருவர் வேண்டுமென்றே அவரை நீண்ட நேரம் மறித்து நின்றார். அவர் வைதுவிட்டுத் தாண்டினார். குடத்தை இறக்கியபோது பார்த்தோம். புதிய வட்டம் பழைய வட்டத்தின் மேல் ஒரு விரல் அகலம் விலகி விழுந்திருந்தது.

அவர் குடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். உள்ளங்கையை மண்ணில் வைத்தார். "சனமெல்லாம் போயிட்டுது. இப்ப உங்களுக்குத் தலையிடி இராது" என்றார், பக்கத்தில் படுத்திருப்பவரிடம் சொல்லும் குரலில். பிறகுதான் அழுதார். மற்றப் பெண்கள் கொஞ்சம் தள்ளியே நின்றார்கள், நடுவில் ஒரு தறப்பாள் தொங்குவதுபோல.

சுகந்தி ரீச்சர் என் பக்கத்தில் வந்து நின்றார். முகம் முழுக்கப் புழுதி. "என்ன முடிவு, சேர்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"கோட்டை எடுத்துடுங்க ரீச்சர்" என்றேன். "அடுத்த பதிப்பில் என் வாக்கியத்தையும் எடுத்துடுறேன். அவங்க வாக்கியம் வரட்டும்."

அந்த இடத்தின் நாலு மூலைக்கும் நட மரக்கட்டைகள் டிராக்டரில் இருந்தன. அவற்றை எடுத்துவரக் காணிக்காரர் திரும்பி, வந்த வழியே வயலுக்குக் குறுக்கே நேராக இரண்டு எட்டு வைத்தார். நின்றார். காலைப் பின்னால் எடுத்தார்.

பிறகு ஒழுங்கைக்கு வந்தார். தையல்காரரைச் சுற்றினார், தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் இடப்பக்கம் ஒதுங்கினார், சலூன் தடியில் திரும்பி டிராக்டருக்குப் போனார். கட்டைகளைத் தோளில் வைத்துக்கொண்டு அதே வழியில் வந்தார். சைக்கிள் கடையில் நான் இன்னும் நின்றுகொண்டிருந்தேன். என் எதிரே வந்து நின்று, "கொஞ்சம் விலத்துங்கோ" என்றார்.

என் இரண்டு பக்கத்திலும் ஒரு மாட்டுவண்டி போகும் அளவுக்கு வெறும் வயல் கிடந்தது. நான் விலகி வழிவிட்டேன்.